திருப்பிச் சொல்

குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு என் மனைவி நித்திலாவின் பிரசவப் பதிவு எண் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் அவளுடைய கைபேசியைத் திறந்தேன். அவள் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

எண் கிடைத்தது. மூடப்போகும்போது 'அல்லி' கண்ணில் பட்டது.

அல்லி பெண்களுக்கு மட்டுமான தளம். பொதுத்தளங்களில் பெண் பெயரில் ஒரு வரி எழுதினால் போதும், கீழே ஆண்கள் கூட்டமாக வந்து வசைபாடிய காலம் ஒன்று இருந்தது. அது முற்றிப்போய்ப் பெண்கள் எழுதுவதையே நிறுத்திய பிறகு அல்லி வந்தது. கைபேசி வைத்திருந்த பெண்களில் பெரும்பாலோர் அங்கே குடியேறினார்கள். அல்லி ராஜ்ஜியம் என்று நாங்கள் கேலி செய்வோம். உள்ளே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது.

நித்திலா எழுதியிருந்தது இது:

"எட்டாம் மாதம். இரண்டு நாளாகத் தலைவலி. முகம், கை வீக்கம். கண் மங்கல். இது வழக்கமா? பதில் தேவை."

கீழே ஒரு பதிலும் இல்லை. அன்று மதியம் அவளே இன்னொரு வரி சேர்த்திருந்தாள்.

"பதில் இல்லை. வழக்கம்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்."

அன்று மாலை அவளுக்கு ஜன்னி கண்டது. நான் உடுமலைக்குப் பக்கத்தில் ஒரு காற்றாலையின் உச்சியில் வேலையில் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குழந்தையை எடுத்தார்கள். அவளைக் காப்பாற்ற முடியவில்லை.

நான் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். இத்தனை லட்சம் பெண்கள். ஒருத்திகூடவா?

இதை எஸ்தர் அக்காவிடம் கேட்டேன். எஸ்தர் அக்கா லோகோ பைலட். நித்திலா அவருக்கு உதவி பைலட். இருவரும் மூன்று வருடம் ஒரே எஞ்சினில் சரக்கு ரயில் ஓட்டியவர்கள். போத்தனூர் ரயில்வே காலனியில் எங்களுக்கு அடுத்த வரிசையில் வீடு.

"என்ன தம்பி சொல்றீங்க? நித்தி கேட்டு நான் பதில் சொல்லாம இருப்பனா? அவ எழுதுனது ஒவ்வொன்னும் எனக்கு வந்துரும். இது வரவே இல்லியே!"

தன் கைபேசியைத் திறந்தார். நித்திலாவின் பக்கத்துக்குப் போனார். இரண்டு கைபேசிகளையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அவள் கைபேசியில் நிறையப் பதிவுகள் இருந்தன. அக்காவின் கைபேசியில் இரண்டே இருந்தன. இரண்டும் எஸ்தர் அக்காவின் பிறந்தநாளுக்குப் போட்ட வாழ்த்து. கடைகளில் கிடைக்கும் ஆயத்த வாழ்த்து அட்டை, பூ, இதயம் எல்லாம் போட்டது.

"இந்தப் பொண்ணு பேசறதே தந்தி அடிச்ச மாதிரி இருக்கும்," என்றார் அக்கா. இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "தம்பி, ஒன்னு பண்ணிப் பாக்கட்டுமா?"

நித்திலாவின் வரிகளை அப்படியே எழுத்து மாறாமல் தன் கணக்கிலிருந்து போட்டார். பிறகு தெருவில் உள்ள நாலைந்து பெண்களைக் கூப்பிட்டுக் கேட்டார். "என்ற பக்கத்துல புதுசா ஏதாச்சும் வந்திருக்கா பாரு." யாருக்கும் வரவில்லை. அக்காவின் திரையில் மட்டும் அது இருந்தது. போட்டவருக்குப் போட்டதுபோல் தெரியும். மற்றவர்களுக்கு இல்லை.

பிறகு வேறு மாதிரி எழுதினார்.

"பொண்ணுகளா ஒரு சின்ன டவுட்டுப்பா, திட்டாதீங்க... எனக்குத் தெரிஞ்ச ஒரு புள்ளைக்கு எட்டாம் மாசம், ரெண்டு நாளா தலை வலிக்குதாம், மூஞ்சி கையெல்லாம் வீங்கின மாதிரி இருக்காம், கண்ணும் ஒரு மாதிரி மங்குதாம். இதெல்லாம் சும்மா வர்றதுதானோ? எனக்கென்னமோ பயமா இருக்கு, யாராச்சும் சொல்லுங்களேன் ப்ளீஸ்."

மூன்று அழுகை முகம். ஒரு கைகூப்பு. அனுப்பினார்.

கைபேசி மேசையில் நகரத் தொடங்கியது. அவ்வளவு அதிர்வு.

"அக்கா உடனே ஆஸ்பத்திரி போகச் சொல்லுங்க." "பிபி பாக்கச் சொல்லுங்க, இப்பவே." "நான் நர்ஸ், எந்த ஊருனு சொல்லுங்க செல்லம், நான் வண்டி ஏற்பாடு பண்றேன்." "என் தங்கச்சிக்கு இதேதான், ஒரு மணி நேரம் லேட்டாயிருந்தா போயிருப்பா." "போய்ட்டீங்களா?" "போய்ட்டீங்களா அக்கா?"

எஸ்தர் அக்கா கைபேசியைக் கவிழ்க்கவில்லை. ஒவ்வொன்றையும் படித்தார். குரல் விட்டுப் படித்தார். பிறகு அடுப்படிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

"கேஸ் போடுங்க தம்பி," என்றார்.

போட்டேன். எனக்கு அப்போது கோபம்கூட இல்லை. ஏதாவது செய்ய வேண்டும்போல் இருந்தது. குழந்தையை என் மாமியார் வீட்டில் விட்டுவிட்டு நானும் அக்காவும் பெண்களைத் தேடிப் போனோம். வாயை மூட வைக்கப்பட்ட பெண்கள். கிடைத்தார்கள். ஒரு காவல் உதவி ஆய்வாளர். ஒரு கணக்கு டீச்சர். ஒரு கபடிப் பயிற்சியாளர். மலைக்கிராமத்தில் ஒரு பெண், பள்ளியில் அதிகம் படிக்காதவள், சொல்லுக்குச் சொல் தேடி எழுதுகிறவள். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "என்னை யாருக்கும் பிடிக்கலைனு நெனச்சுட்டேன்."

விசாரணை கோவையில் நடந்தது. இணையக் குறைதீர் ஆணையம். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி திலகவதி. கூடம் நிறையப் பெண்கள். எஸ்தர் அக்கா அழைத்து வந்த ரயில் பெண்கள் சீருடையில் பின்வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் பணி முடிந்து நேராக வந்தவர்கள்.

அல்லியை உருவாக்கிய சுஹாசினி எதிர்ப்பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தார். வழக்கறிஞர் வேண்டாம் என்றுவிட்டாராம். நாற்பது வயதிருக்கும். அரக்கனை எதிர்பார்த்துப் போயிருந்தேன். தூக்கம் கெட்ட ஒரு பெண்தான் இருந்தார்.

"பொண்ணானு ஆளைத்தானே சரிபார்க்கணும்? எழுத்தை ஏன் பார்க்கறீங்க?" என்று கேட்டார் திலகவதி.

"முதல்ல ஆளைத்தான் மேடம் பார்த்தோம். அடையாள அட்டை, முகம், எல்லாம். ஆனா நம்ம வீடுகள்ல பொண்டாட்டி போன் புருஷன் கையிலதான் இருக்கு. தங்கச்சி போன் அண்ணன் கையில. அவங்க கணக்குலேர்ந்தே உள்ள வந்து மத்த பொண்ணுங்களைத் தேடிப் பிடிச்சு மிரட்டினாங்க. மூணு பொண்ணுங்க செத்தாங்க மேடம். அதுக்கப்புறம்தான் எழுதறது பொண்ணுதானானு ஒவ்வொரு பதிவா எழுத்தை மெஷினை வெச்சுப் பார்க்க ஆரம்பிச்சோம்."

"எப்படிப் பார்க்கும்?"

"பொண்ணுங்க எழுதறப்ப எதிர்ல ஒரு ஆள் இருக்கற மாதிரி எழுதுவாங்க. அக்கா, செல்லம், கண்ணுனு கூப்பிடுவாங்க. தெரிஞ்சதையும் 'னு நெனைக்கிறேன்'னு போட்டு முடிப்பாங்க. கேக்கறதுக்கு முன்னாடியே மன்னிப்புக் கேப்பாங்க. ஆம்பளைங்க செய்தி வாசிக்கற மாதிரி எழுதுவாங்க. நாங்க கத்துக்குடுக்கலை மேடம். கோடிக்கணக்கான பதிவைப் படிச்சு மெஷினே கண்டுபிடிச்சது. சராசரியில இது உண்மை."

"சராசரி பொம்பளை யாராச்சும் இங்க இருந்தா கை தூக்குங்கப்பா!" என்றது பின்வரிசையில் ஒரு குரல். கூடம் சிரித்தது. திலகவதி மேசையைத் தட்டினார். அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டதுபோல்தான் இருந்தது.

"தப்பாப் போறது எவ்வளவு?"

"நூத்துக்கு நாலு."

"தடுத்துட்டோம்னு அவங்ககிட்ட ஏன் சொல்றதில்ல?"

"சொன்னா உள்ள வர நினைக்கறவன் வேற மாதிரி எழுதிப் பழகிடுவான் மேடம். போயிடுச்சுனு அவன் நினைக்கணும். அதான் தடுத்த பதிவுகளைப் போட்டு வைக்க ஒரு அறையைக் கட்டினோம். சத்தம் வெளிய வராத அறை."

என் முறை வந்தது. எழுந்தேன். நிறையப் பேச எனக்கு வராது.

"என் மனைவி ரயில் ஓட்டினாள். எஞ்சினுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. சிக்னலைப் பார்த்ததும் ஒருவர் கை நீட்டி உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லாதது பார்க்காததற்குச் சமம். வீட்டிலும் அப்படித்தான். 'அடுப்பு ஆஃப்' என்பாள். நான் 'அடுப்பு ஆஃப்' என்று சொல்லாவிட்டால் அங்கேயே நிற்பாள். அவள் சுருக்கமாக எழுதியது அதனால்தான். இந்த அம்மா சொல்வதுபோல எதிரில் ஆள் இல்லாமல் எழுதவில்லை. எதிரில் ஆள் இருக்கிறார், திருப்பிச் சொல்வார் என்று நம்பி எழுதினாள்."

எனக்கு அழுகை வரவில்லை. எதுவுமே ஆகவில்லை. அதைப் பின்னால் நினைத்து ஆச்சரியப்பட்டேன்.

"நூற்றுக்கு நாலு என்கிறார். அந்த அறையை இப்போது திறந்து காட்டச் சொல்லுங்கள். இன்றைக்கு வந்ததை மட்டும். வேறு எதுவும் கேட்கவில்லை."

சுஹாசினி மறுத்தார். "அதுல என்ன இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது மேடம்."

"திறங்க," என்றார் திலகவதி. "பேர் மறைச்சுட்டுத் திறங்க."

சுவரில் திரை ஒளிர்ந்தது. முதல் பதிவைப் படித்ததும் கூடம் அடங்கிவிட்டது. இரண்டாவது அதைவிட மோசம். மூன்றாவது ஒரு பெண்ணின் முகவரி, அவளை என்ன செய்ய வேண்டும் என்ற விவரத்தோடு. முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து வெளியே போனாள். சுஹாசினி திரையைப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவற்றைத்தான் ஒவ்வொரு நாளும் உங்கள் வாசலில் நின்று தடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று அவர் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான் தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

"போதும்," என்றார் திலகவதி. "மூடுங்க."

"அம்மா!" எஸ்தர் அக்கா பின்வரிசையில் எழுந்து நின்றார். "இன்னுங் கொஞ்சம் கீழ போகச் சொல்லுங்கம்மா. சாக்கடைல வெரலை உட்டாச்சு. பாதியில எடுத்து என்ன பிரயோசனம்?"

திலகவதி தலையசைத்தார். திரை நகர்ந்தது. வசை. வசை. ஒரு வேலைவாய்ப்புக் கேள்வி. வசை. பிறகு:

"முப்பத்து மூன்று வாரம். நேற்றிலிருந்து தலைவலி. கால், முகம் வீக்கம். கண் சரியாகத் தெரியவில்லை. என்ன செய்ய வேண்டும்? அவசரம்."

அன்று காலையில் வந்தது.

ஒரு கணம் அது பழைய பதிவு என்று எனக்குத் தோன்றியது. அவளுடையது. எங்கள் மனுவிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று.

எஸ்தர் அக்கா வலக்கையைத் திரையை நோக்கி நீட்டினார். எஞ்சினில் நீட்டுவதுபோல், முழங்கை மடங்காமல். உரக்கப் படித்தார்.

"முப்பத்து மூணு வாரம்! தலைவலி! வீக்கம்! கண்ணு தெரியல!"

பின்வரிசை முழுக்க எழுந்தது. பழக்கம். யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். சீருடைக் கைகள் எல்லாம் நீண்டன.

"முப்பத்து மூணு வாரம்! தலைவலி! வீக்கம்! கண்ணு தெரியல!"

கூடம் அதிர்ந்தது. திலகவதி இருக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "யார் இது? எங்க இருக்காங்க?"

"விவரம் எடுக்க மூணு பேர் ஒப்புதல் வேணும் மேடம், அது எங்க..." என்று தொடங்கிய சுஹாசினி நிறுத்தினார். தன் கைபேசியை எடுத்தார். "ரமணி, நான்தான். திரையில இருக்கற பதிவோட நம்பர் குடு. ஒப்புதலாவது மண்ணாவது, குடுடி. நான் பாத்துக்கறேன்."

எண்ணை அவரே அழைத்தார். "ஹலோ" என்றார். கேட்டார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. "ஆமா. இப்பவே. ஒரு நிமிஷம்கூட வேண்டாம். ஊர்?" என்றார். பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னார்: "சென்னிமலை."

சென்னிமலை என்று மூன்று பேர் கத்தினார்கள். கூடத்தில் இருந்த ஒரு தலைமைச் செவிலி ஈரோட்டு மருத்துவமனையைப் பிடித்தார். உதவி ஆய்வாளர் ஆம்புலன்சுக்கு வழி விடச் சொல்லி நிலையம் நிலையமாகப் பேசினார். திலகவதி விசாரணையை ஒத்திவைக்கவில்லை, உணவு இடைவேளையும் விடவில்லை. எல்லோரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். யாரோ ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். சுஹாசினிக்கும் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டார்.

வெயில் சாயத் தொடங்கும்போது செவிலியின் கைபேசி ஒலித்தது. அவர் எழுந்து நின்றுதான் சொன்னார்.

"தாய் நல்லா இருக்காங்க. பையன். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

அப்போது எழுந்த சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. விசில் அடித்தார்கள். எஸ்தர் அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார். முன்பின் தெரியாத பெண்கள் என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்கள். கணக்கு டீச்சர் மேசைமேல் ஏறிவிட்டார். திலகவதி தட்டிக்கொண்டே இருந்தார், ஒருவரும் கேட்கவில்லை, கடைசியில் அவரும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்.

தீர்ப்பு அதே வாரம் வந்தது. சத்தம் வராத அறை இனிக் கூடாது. மெஷின் நிறுத்திவைக்கும் ஒவ்வொரு பதிவையும் ஒரு மனிதர் படிக்க வேண்டும். படித்ததை, எழுதியவர் யாராக இருந்தாலும், அவருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். பழையவற்றுக்கும் அதே விதி. இவ்வளவையும் படிக்க ஆள் எங்கே என்று தொலைக்காட்சிகளில் கேட்டார்கள். ஒரே நாளில் படிக்கப் பெயர் கொடுத்த பெண்களின் கூட்டத்தைத் தாங்காமல் அல்லி கொஞ்ச நேரம் நின்றுபோனது. ஊரெல்லாம் அதைத் 'திருப்பிச் சொல் விதி' என்றார்கள். நித்திலாவின் பெயரை வைக்கலாமா என்று என்னைக் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அவளுக்கு நீளமான பெயர்கள் பிடிக்காது.

சில வாரம் கழித்து ஈரோட்டு மருத்துவமனைக்கு நானும் எஸ்தர் அக்காவும் போனோம். குறைமாதக் குழந்தை என்பதால் தாயையும் பிள்ளையையும் இன்னும் அங்கேயே வைத்திருந்தார்கள். அந்தப் பெண்ணின் பெயர் வளர்மதி. படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் கணவன், கைத்தறி நெய்கிறவன், பெயர் குருநாதன். கைக்குழந்தையை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் பாவு நூலைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தான்.

"நல்லா எழுதியிருந்தே கண்ணு," என்றார் அக்கா அவளிடம். "நறுக்குனு."

அவள் புரியாமல் விழித்தாள். "நானுங்களா? எனக்குத்தான் கண்ணே தெரியலீங்களே அக்கா."

குருநாதன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான்தானுங்க எழுதுனேன். அவ போன்ல. எங்கூட்ல வேற பொம்பளையாள் யாருமில்லீங்க, யாரைக் கேக்கறதுனு தெரியல. அதுல பொம்பளைங்க மட்டும்னு போட்டிருந்துச்சு. அவ எழுதற மாதிரியே எழுதலாம்னு பாத்தனுங்க. வரல. தப்புங்களா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் சன்னலைப் பார்த்தேன்.

"தப்பெல்லாம் ஒன்னுமில்ல சாமி," என்றார் அக்கா கடைசியில். "தலைய ஒழுங்காத் தாங்கிப் புடி. கொழந்தை தலைய."

வெளியே வந்ததும் சுஹாசினியை அழைத்தேன். அவரோடு நான் அதுவரை தனியாகப் பேசியதில்லை.

"அன்னிக்கு போனை எடுத்தது ஆம்பளைக் குரல். இல்லையா?"

"ஆமா."

"அப்போ உங்க மெஷின் சரியாத்தான் சொல்லியிருக்கு. மேல்முறையீட்டுல இதைச் சொன்னா நீங்க ஜெயிச்சிடலாம்."

"ஜெயிச்சிடலாம்," என்றார். "போன வாரம்தான் கடைசி நாள். நான் போடலை."

"ஏன்?"

"யார் எழுதறாங்கனு கண்டுபிடிக்கத்தாங்க பத்து வருஷம் உழைச்சேன். அந்தாளு 'ஹலோ'ன்னு சொன்னப்போ எனக்கு முதல்ல சந்தோஷம்தான் வந்துச்சு. பாத்தியா, நான் சொன்னது சரின்னு. அப்புறம் அவன் அழற சத்தம் கேட்டுச்சு. உங்க மனைவி விஷயத்துல... ரொம்ப நாளா சொல்ல நினைச்சேன். எப்படிச் சொல்றதுனு தெரியல."

"சொல்லிட்டீங்க," என்றேன்.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. குழந்தை என்னோடு இருக்கிறாள். தவழ்கிறாள். காலையில் ஒரு நாள் அவளுக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தேன். அலமாரியில் நித்திலாவின் கைபேசி அதிர்ந்தது. அதை ஏன் இன்னும் மின்னேற்றி வைத்திருக்கிறேன் என்று என்னால் சொல்ல முடியாது.

அல்லி. பழைய பதிவுகளைப் படிக்கிறவர்கள் அவளுடையதற்கு வந்து சேர்ந்திருந்தார்கள். விதிப்படி பதில் வந்திருந்தது.

"எட்டாம் மாதம். இரண்டு நாளாகத் தலைவலி. முகம், கை வீக்கம். கண் மங்கல். படித்தேன் நித்தி. எஸ்தர், போத்தனூர்."

எஸ்தர் அக்கா அன்று பாலக்காட்டுக்கு வண்டி எடுத்துப் போயிருந்தார். பணிக்குக் கிளம்புமுன் ஓய்வறையில் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். அவர் எழுதியதில் செல்லம் இல்லை, அழுகை முகம் இல்லை. நித்திலாவுக்கு எப்படி வேண்டுமோ அப்படி இருந்தது.

கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தேன். எழுந்து நின்று உரக்கப் படித்தேன். முதல் வரியில் குரல் இருந்தது. கடைசி வரிக்குள் இல்லை. அந்தக் காலைக்குப் பிறகுதான் என்னால் அழ முடிகிறது.

குழந்தை என்னை அண்ணாந்து பார்த்தாள். கூழ் வழிந்த வாயைத் திறந்து, கையை என் பக்கம் நீட்டி, உரக்க ஏதோ சொன்னாள்.

"ம்பூ!"

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

நானும் கையை நீட்டினேன்.

"ம்பூ," என்றேன்.